“இது என்ர புது நம்பர்”: ஊருக்குப் போவோர் கவனிக்க வேண்டிய இணைய மோசடிகள்

“மாமி, நான்தான். கட்டுநாயக்காவில நிக்கிறன். இது என்ர புது நம்பர், பழசு இங்க வேலை செய்யேல்லை. கஸ்டம்ஸில சாமானுக்கு ஒண்டரை லட்சம் கட்டச் சொல்றாங்கள், என்ர காட் எடுக்குதில்லை. இந்தக் கணக்குக்குப் போட்டு விடுங்கோ, வந்த உடன தாறன்.”

செய்தியோடு வரும் படத்தில் இருப்பது உங்கள் முகம். பேஸ்புக்கில் இருந்து எடுத்தது. நீங்கள் வருவது ஊருக்கே தெரியும், விமான நிலையத்தில் நின்று படமும் போட்டிருப்பீர்கள். வருகிறவர்கள் உள்ளூர் சிம் வாங்குவதும் வழக்கம். மாமிக்குச் சந்தேகம் வர இடமே இல்லை. பயண நாட்களில் மோசடி சுலபமாக நடப்பதற்குக் காரணம், ஒரே ஒரு பொய்யைச் சுற்றி மற்ற எல்லாமே உண்மையாக இருப்பதுதான்.

ஆகவே முதல் வேலை விமானம் ஏறுவதற்கு முன்பே முடிய வேண்டும். வட்ஸ்அப் கணக்கு சிம்மோடு ஒட்டிக்கொண்டிருப்பதல்ல. உள்ளூர் சிம்மைப் போட்டாலும், கணக்கின் எண்ணை நீங்களாக மாற்றாதவரை கனடா எண்ணிலேயே, பிரான்ஸ் எண்ணிலேயே அது ஓடும். அதை மாற்றாமல் விடுங்கள். வீட்டாரிடம் ஒரே வசனத்தில் சொல்லிவையுங்கள்: “வட்ஸ்அப் இதே நம்பரிலதான் வரும், வேற நம்பரில ஆர் காசு கேட்டாலும் அது நானில்லை.” பேஸ்புக்குக்குத் தெரியாத ஒரு கேள்வியையும் பேசி வைத்துக்கொள்ளலாம். பழைய வீட்டுக் கிணற்றடியில் நின்றது என்ன மரம் என்பது போதும். குரலைப் போலச் செய்யும் மென்பொருள்கள் வந்துவிட்டதால், குரலைக் கேட்டேன் என்பது இப்போது சான்றாகாது.

விசாவும் பயணச்சீட்டும்

இலங்கை விசா என்று கூகிளில் தேடினால் மேலே வருபவை பெரும்பாலும் விளம்பரங்கள். அரசின் இலச்சினையைப் போல ஒன்றை வைத்துக்கொண்டு, அரச கட்டணத்துக்கு மேல் ‘சேவைக் கட்டணம்’ சேர்த்து வாங்கும் தளங்கள் அவற்றில் உண்டு. விண்ணப்பத்தை உண்மையாகவே அனுப்புகிறவை சில. கடவுச்சீட்டு விபரத்தையும் அட்டை இலக்கத்தையும் எடுத்துக்கொண்டு மறைந்துபோகிறவை சில.

இதில் குழப்பம் கூடியதற்கு ஒரு காரணமும் உண்டு. 2024 ஏப்ரலில் விசா விண்ணப்பம் வேறொரு தளத்துக்கு மாற்றப்பட்டது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்த ஏற்பாட்டை இடைநிறுத்தியது. செப்டெம்பர் இறுதியில் பழைய ஈரிஏ (மின்னணுப் பயண அனுமதி) முறையே திரும்பி வந்தது. அந்த மாதங்களில் எடுக்கப்பட்ட யூடியூப் காணொளிகள் இன்னும் வேறு முகவரியைக் காட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் பார்த்து முகவரி எடுக்க வேண்டாம்.

சரியான முகவரி: ஈரிஏ, புள்ளி, ஜிஓவி, புள்ளி, எல்கே (eta.gov.lk). அதைக் கையாலேயே தட்டச்சுச் செய்யுங்கள். எந்த அரச தளத்துக்கும் ஒரே சோதனைதான். முகவரியின் தொடக்கத்தில் உள்ள https:// என்பதை விட்டு, அதன்பின் முதல் சாய்கோடு எங்கே வருகிறது என்று பார்த்து, அதற்கு முன்னால் உள்ளதை வலமிருந்து வாசியுங்கள். எல்கே, புள்ளி, ஜிஓவி என்ற வரிசையில் இருந்தால் அது இலங்கை அரசினது. அதே எழுத்துகளை இடைக்கோடு போட்டுக் கோத்து, கடைசியில் கொம் என்றோ ஓர்க் என்றோ முடிந்தால் யாரோ ஒருவர் காசு கொடுத்து வாங்கிய பெயர். சென்னையில் சில நாள் தங்கிப் பலாலிக்குப் பறக்கிறவர்கள் இந்திய இ-விசாவுக்கும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். அங்கே முடிவு ஜிஓவி, புள்ளி, ஐஎன். இலங்கை இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் இலங்கைக் கடவுச்சீட்டில் போனால் விசாவே தேவையில்லை. அவர்களிடமும் காசு வாங்க ஆள் இருக்கிறது.

யாழ்தேவிக்கோ எல்ல போகும் ரயிலுக்கோ ஆசனம் வாங்கித் தருகிறோம் என்று பேஸ்புக்கில் வருகிறவர்களிடம் காசு கொடுக்க வேண்டாம். ஆசனப் பதிவை ரயில்வே திணைக்களத்தின் சொந்தத் தளத்திலேயே செய்யலாம். கடவுச்சீட்டு இலக்கத்தைக் கொடுத்துத்தான் பதிய வேண்டும். வேறொருவர் பெயரில் எடுத்த சீட்டு பரிசோதகர் முன்னால் செல்லாது.

சிம்மை மாற்றும்போது

வெளிநாட்டுச் சிம்மைக் கழற்றிப் பேர்சுக்குள் வைத்துவிட்டால், உங்கள் வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல்லும் எச்சரிக்கைச் செய்திகளும் உங்களிடம் வந்து சேராது. அட்டையில் யாரோ காசு எடுப்பது மூன்று கிழமை கழித்துத்தான் தெரியவரும். இரண்டு சிம் போடக்கூடிய தொலைபேசி என்றால் பழைய சிம்மை அப்படியே விட்டு, அதன் ரோமிங் டேட்டாவை மட்டும் நிறுத்துங்கள். ரோமிங்கில் குறுஞ்செய்தி பெறுவதற்குப் பல நிறுவனங்கள் காசு எடுப்பதில்லை. இரண்டாவது சிம்முக்கு இடமில்லாதவர்கள் ஈ-சிம் வசதி உண்டா என்று பார்க்கலாம். எப்படியானாலும் மின்னஞ்சலுக்கும் பேஸ்புக்குக்கும் குறியீடு உருவாக்கும் செயலியைப் புறப்படும் முன்பே இணைத்துவிடுங்கள். அது சிம் இல்லாமலும் வேலை செய்யும்.

வட்ஸ்அப் பறிபோவது பெரும்பாலும் ஆறு இலக்கக் குறியீட்டால்தான். தெரிந்தவர் எண்ணில் இருந்தே கேட்பார்கள், ஏனென்றால் அவருடையது ஏற்கெனவே பறிபோயிருக்கும். “கோயில் கூட்டம் சூமில நடக்குது, உங்களுக்கு ஒரு கோட் வரும், அதை அனுப்புங்கோ” என்பது ஒரு வகை. நட்சத்திரம் 21 போன்ற எதையாவது அழுத்தச் சொல்வது இன்னொரு வகை. அது உங்களுக்கு வரும் அழைப்புகளை அவர்களின் எண்ணுக்குத் திருப்பிவிடும்; அதன்பின் குறியீட்டைக் குரல் அழைப்பாகக் கேட்டு அவர்களே எடுத்துக்கொள்வார்கள். தெரியாமல் அழுத்திவிட்டால் ##002# அழுத்தி அழையுங்கள், எல்லாத் திருப்பல்களும் நீங்கும். அமைப்புகளில் ‘கணக்கு’ என்பதற்குள் போய் இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போட்டுவைத்தால், குறியீடு மட்டும் கிடைத்தவருக்கு உள்ளே வர வழியில்லை. ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ பட்டியலையும் கிழமைக்கு ஒருக்கால் திறந்து பாருங்கள்.

வீடு, வான், காசு மாற்று

நல்லூர்த் திருவிழா நாட்களில் யாழ்ப்பாணத்தில் தங்க வீடு கிடைப்பது கஷ்டம். அந்த அந்தரத்தில்தான் வேறொருவர் வீட்டுப் படத்தைப் போட்டு முற்பணம் வாங்குகிறார்கள். படத்தைக் கூகிள் லென்சில் போட்டால் பல தடவை உண்மையான இடம் வந்துவிடும். அதைவிட நல்லது காணொளி அழைப்பு. உள் அறையைக் காட்டச் சொல்ல வேண்டாம், படலையில் தொடங்கி வீதிக்கு வந்து பக்கத்துக் கடைப் பலகையைக் காட்டச் சொல்லுங்கள். வீட்டுக்காரருக்கு இரண்டு நிமிட வேலை. மற்றவருக்குத் திடீரென்று ‘நெட் ஸ்லோ’ ஆகிவிடும். வான் பிடிப்பதென்றாலும் வாகன இலக்கமும் வருமான அனுமதிப்பத்திரப் படமும் கேட்காமல் முற்பணம் போட வேண்டாம். பேசியவரின் பெயர் ஒன்றும் கணக்கின் பெயர் வேறொன்றுமாக இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். உள்நாட்டில் வங்கிக்கு வங்கி இணையத்தில் போடும் காசு பெரும்பாலும் சில நொடிகளில் மற்றவர் கணக்கில் விழுந்துவிடும். அது எடுக்கப்பட்ட பிறகு திருப்புவது அபூர்வம்.

குழுக்களில் “வங்கியை விட அஞ்சு ரூபா கூட” என்று யூரோ கேட்கிறவர்களிடம் இரண்டு ஆபத்து உண்டு. பணம் போட்டதாகப் போலி ஸ்கிரீன்ஷொட் அனுப்புவது எல்லோருக்கும் தெரிந்தது. மற்றதுதான் மோசமானது. ரூபா உண்மையாகவே உங்கள் உறவினர் கணக்குக்கு வரும். ஆனால் அது வேறு யாரிடமோ ஏமாற்றி எடுத்த காசு. பறிகொடுத்தவர் முறைப்பாடு செய்ததும் முடக்கப்படுவது உறவினரின் கணக்கு, விசாரணைக்குப் போவதும் அவர்தான். அனுமதி பெற்ற நாணய மாற்றுநர் பட்டியலை மத்திய வங்கி தன் தளத்தில் வைத்திருக்கிறது.

சொந்தக்காரர் ஒருவர் தேநீரோடு ஒரு ‘முதலீட்டு’ செயலியையும் காட்டக்கூடும்: மாதம் பத்து வீதம், ஆள் சேர்த்தால் இன்னும் கூட. இது மிகச் சங்கடமான இடம், ஏனென்றால் காட்டுகிறவர் கெட்டவர் அல்ல, அவரும் காசு போட்டு மாட்டியிருப்பவர். தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்களின் பெயர்களை மத்திய வங்கி வெளியிடுகிறது. வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவின்படி இவற்றை ஊக்குவிப்பதும் குற்றம். அந்தப் பட்டியலை அவருக்கே காட்டிவிடுங்கள், வாதாடுவதை விட அது மரியாதை.

திரும்பும் விமானச் சீட்டை அச்செடுக்கக் கொமினிக்கேசன் கடைக்குப் போனால், அங்குள்ள கணினியில் உங்கள் மின்னஞ்சலைத் திறக்க வேண்டாம். கோப்பைக் கடையின் வட்ஸ்அப்புக்கு அனுப்பினால் போதும். கடவுச்சீட்டுப் பிரதியை மட்டும் அப்படி அனுப்பாமல், வெளிநாட்டிலேயே நாலைந்து எடுத்துக்கொண்டு வாருங்கள்.

காசு போய்விட்டால்

முதலில் வங்கி. அட்டையை முடக்கச் சொல்லி, போன பணத்தை நிறுத்த முடியுமா என்று கேட்டு, முறைப்பாட்டு இலக்கத்தை எழுதிக்கொள்ளுங்கள். செய்திகளை அழிக்காமல் எண், திகதி, நேரம் தெரியும்படி படம் பிடியுங்கள். வட்ஸ்அப் பறிபோயிருந்தால் அதே எண்ணால் மறுபடி பதியுங்கள், உள்ளே இருப்பவர் உடனே வெளியே தள்ளப்படுவார். அவர் இரகசிய இலக்கம் போட்டிருந்தால், அது தெரியாமல் உள்ளே போக நீங்கள் 7 நாள் காத்திருக்க வேண்டும். கணக்குத் தொடர்பான உதவிக்கு, கணினி அவசர உதவி அமைப்பான இலங்கை சேர்ட்டின் 101, இலங்கை வங்கி கவனிக்காவிட்டால் மத்திய வங்கியின் 1935, அவசரப் பொலிஸ் 119. பொலிஸ் நிலையத்தில் முறைப்பாட்டைத் தமிழில் எழுதிக் கொடுக்கலாம். அதன் பிரதியை விமானம் ஏறும் முன்பே வாங்கிவிடுங்கள். வெளிநாட்டு வங்கியோ காப்புறுதியோ முதலில் கேட்பது அதைத்தான். கனடாவில் இருந்துகொண்டு அதை எடுப்பது பெரும்பாடு.

வெளிக்கிடும் கிழமை ஒரு சின்ன வேலை இருக்கிறது. உள்ளூர் எண்ணை எந்த எந்த இடத்தில் கொடுத்தீர்கள் என்று பாருங்கள்: வங்கிக் கணக்கு, பேஸ்புக், ஊபர், பிக்மீ. பாவிக்காத எண்ணைச் சில மாதங்களில் நிறுவனம் வேறொருவருக்கு விற்றுவிடும், உங்கள் குறியீடுகள் அவருக்குப் போகும். ஆகவே அந்த எண்ணை எல்லா இடத்திலும் நீக்கிவிடுங்கள். சிம்மை மருமகனுக்குக் கொடுத்துவிட்டு வருவதென்றால், அது உங்கள் கடவுச்சீட்டில் பதிந்தது என்பதால் நிறுவனத்தின் கிளைக்கு இருவருமாகப் போய் அவன் பெயருக்கு மாற்றிவிட்டு வாருங்கள்.