பாக்டீரியா மருந்தை வெளியே தள்ளுகிறதா? எத்திடியம் தட்டில் கண்டுபிடிக்கும் முறை

சிப்ரோஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு மசியாத ஈ.கோலையில், அந்த மருந்து தாக்கும் ஜைரேஸ் நொதியின் மரபணு மாறியிருக்கலாம்; உள்ளே வந்த மருந்தைப் பம்பு வெளியே தள்ளிக்கொண்டும் இருக்கலாம். ஈ.கோலையின் முக்கியப் பம்பு ஏசிஆர்ஏபி-டோல்சி. உட்சவ்வில் ஏசிஆர்பி, வெளிச்சவ்வில் டோல்சி குழாய், இரண்டையும் இணைக்க ஏசிஆர்ஏ. புரோட்டான்கள் உள்ளே பாயும் விசையில் இது ஓடுகிறது. எத்திடியம் புரோமைடு என்ற ஒளிரும் சாயத்தையும் இதே பம்பு துப்பிவிடும். டிஎன்ஏவோடு ஒட்டினால்தான் எத்திடியம் நன்றாக ஒளிரும் என்பதால், பம்பு பலமாக ஓடும் செல் இருட்டாகவே இருக்கும்.

பாக்டீரியா வளர்க்கும் ஊடகமான டிரிப்டிக் சோய் அகாரை ஆட்டோகிளேவில் (நீராவி அழுத்தத்தில்) கிருமிநீக்கம் செய்து 50 டிகிரிக்கு ஆறவிடுங்கள். மில்லிலிட்டருக்கு 1 மி.கி. உள்ள எத்திடியம் கரைசலில் 50 மைக்ரோலிட்டர் எடுத்து 100 மி.லி. அகாரில் கலந்தால் லிட்டருக்கு 0.5 மி.கி. ஆகும். இப்படியே 0.5 கூட்டிக் கூட்டி 2.5 வரை செய்யுங்கள். எத்திடியம் இல்லாத தட்டு ஒன்றும் வேண்டும். தட்டுக்கு 20 மி.லி. ஊற்றி, வெளிச்சம் படாமல் மூடி, அன்றே பயன்படுத்துங்கள்.

பாக்டீரியாக் கலவை மெக்ஃபார்லாண்ட் (கலங்கலை ஒப்பிடும் அளவுகோல்) 0.5 கலங்கலில் இருக்கட்டும். பஞ்சுக்குச்சியைக் குழாயின் சுவரில் அழுத்திப் பிழிந்துவிட்டு, தட்டின் நடுவிலிருந்து விளிம்புக்கு ஒரே கோடாக, வண்டிச் சக்கரத்தின் ஆரம்போல இழுங்கள். பெரும்பாலும் சோதனை கெடுவது இந்த இடத்தில்தான்: ஒரு கோடு தடித்தும் ஒன்று மெலிந்தும் போனால் ஒளியை ஒப்பிடவே முடியாது. ஒவ்வொரு தட்டிலும் ஒப்பீட்டுக்கான ஈ.கோலை வகைகளான இயல்பான ஏஜி100, பம்பு நீக்கிய ஏஜி100ஏ இரண்டும் கட்டாயம் இருக்க வேண்டும்.

37 டிகிரியில் 16 மணி நேரம் வைத்து, புறஊதா விளக்கின் மேல் பாருங்கள். எந்த அளவில் முதலில் ஒளிர்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஏஜி100ஏ குறைந்த அளவிலேயே ஆரஞ்சாக மின்னும். உங்கள் மாதிரி ஏஜி100-ஐவிட அதிக அளவு வந்த பிறகே ஒளிர்ந்தால் பம்பைச் சந்தேகிக்கலாம். சந்தேகம் மட்டும்தான். வெளிச்சவ்வில் பொருட்களை உள்ளே விடும் போரின் புரதத் துளைகள் குறைந்து சாயம் உள்ளே நுழையாவிட்டாலும் கோடு இருட்டாகத்தான் தெரியும்.

அதனால் அடுத்து எம்.ஐ.சி. (வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த மருந்தளவு) பாருங்கள். முல்லர்-ஹின்டன் திரவத்தில் சிப்ரோஃப்ளாக்ஸசின் வகையைச் சேர்ந்த லெவோஃப்ளாக்ஸசினைத் தனியாக ஒரு வரிசையிலும், பம்பைத் தடுக்கும் பிஏ-பீட்டா-என் என்ற பொருளை லிட்டருக்கு 25 மி.கி. சேர்த்து இன்னொரு வரிசையிலும் வையுங்கள். எம்.ஐ.சி. நான்கில் ஒரு பங்காகவோ அதற்கும் கீழோ இறங்கினால்தான் பம்பு என்று எழுதலாம். பாதியாகக் குறைவது சோதனையின் வழக்கமான பிழைக்குள் அடங்கிவிடும். பிஏ-பீட்டா-என் வெளிச்சவ்வையே ஓட்டையாக்கக்கூடியது. 1 மில்லிமோலார் மெக்னீசியம் சல்பேட் சேர்த்தால் சவ்வு தாங்கும். மருந்தில்லாமல் பிஏ-பீட்டா-என் மட்டும் விட்ட குழியில் பாக்டீரியா நன்றாக வளர்ந்திருக்க வேண்டும். வளரவில்லையா, அந்த வரிசையின் முடிவு செல்லாது.

எத்திடியம் மரபணுவைப் பாதிக்கும். நைட்ரைல் கையுறையும் முகக்கவசத் தகடும் இல்லாமல் விளக்கைப் போடாதீர்கள். தட்டுகளில் பிளீச்சிங் கரைசல் ஊற்றக் கூடாது. அபாயமான வேறு சேர்மங்கள் உருவாகும். தனிப் பையில் கட்டி, எரிப்பதற்கான ஆபத்துக் கழிவோடு அனுப்புங்கள்.