ரிவர்ஸ் போட்டாலே பியூஸ் போகிறதா? பழைய காரில் அநாமதேய ஒயரைத் தேடிப் பிடிப்பது எப்படி

தண்டையார்பேட்டையில் இருக்கும் எனக்கு ஒரு பழைய ஹேட்ச்பேக் கார் அமைந்தது. ஓட்டம் அருமை. ரிவர்ஸ் கியர் போட்டால் மட்டும் பியூஸ் போய்விடும். எங்கள் சந்தில் ரிவர்ஸ் எடுக்காமல் ரோட்டுக்கு வரவே முடியாது. ஒரே வாரத்தில் ஆறு பியூஸ். "முப்பது ஆம்ப்ஸ் போட்டு வுடுறேன் சார், அப்புறம் போகவே போகாது" என்றார் ஒரு எலக்ட்ரீஷியன். வாஸ்தவம்தான், பியூஸ் போகாது. அதற்குப் பதில் ஒயர் எரியும். பியூஸ் இருப்பதே ஒயரைக் காப்பாற்றத்தான். சிகரெட் டப்பாத் தாளைச் சுற்றி வைப்பதும் அதே கதைதான்.

பியூஸின் நிறத்தைப் பார்த்தாலே அளவு தெரிந்துவிடும். பிரவுன் 7.5 ஆம்பியர், சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. எந்த இடத்தில் எது வர வேண்டும் என்பது பியூஸ் பெட்டி மூடியிலோ கார் கையேட்டிலோ இருக்கும். முதல் வேலை, அதனுடன் ஒப்பிட்டுப் பார்ப்பது. என் காரில் 10 இருக்க வேண்டிய இடத்தில் யாரோ 20 போட்டு வைத்திருந்தார்கள்.

அடுத்து, பியூஸ் எப்போது போகிறது என்று கவனியுங்கள். சாவி திருப்பியதுமா, ஹாரன் அடித்தாலா, பள்ளத்தில் இறங்கினாலா? அந்த நேரத்தில் எந்த ஒயருக்குக் கரண்ட் போகிறதோ, அதில்தான் கோளாறு. எனக்கு ரிவர்ஸில் மட்டும் என்பதால் தேட வேண்டிய இடம் காரின் பின்பக்கம்.

இனி ஒரு பியூஸைக்கூட வீணாக்க வேண்டாம். செத்த பியூஸ் ஒன்றின் இரண்டு கால்களிலும் ஆளுக்கொரு ஒயரைப் பற்றவைத்து, மறுமுனைகளை 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஹோல்டரில் சேர்த்துவிடுங்கள். இதை பியூஸ் இடத்தில் செருகினால், ஷார்ட் (கரண்ட் ஒயர் காரின் தகர பாடியைத் தொடுவது) இருந்தாலும் பல்பு வழியாக 2 ஆம்பியருக்குள்தான் ஓடும். ரிவர்ஸ் பல்புகளை முதலில் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் அவை குழப்பும். ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து ரிவர்ஸ் போடுங்கள். பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தால் எங்கோ ஒயர் பாடியைத் தொடுகிறது என்று அர்த்தம்.

இப்போது ஒயர்களை அங்கங்கே மெல்ல அசைத்துக்கொண்டே போங்கள். தனியாக இருந்தால் செல்போனில் பல்பை வீடியோ எடுக்கலாம். நான் என் மகளை பல்பு பக்கத்தில் உட்கார வைத்தேன். டிக்கி கதவின் கீல் பக்கம் கை வைத்ததும் "அப்பா, அணைஞ்சிடுச்சு!" என்று கத்தினாள்.

கம்பெனி ஒயரையும் பிறகு சேர்த்த ஒயரையும் பிரித்துப் பார்ப்பது எளிது. கம்பெனி ஒயர் நெளிநெளிக் குழாய்க்குள்ளோ துணி டேப்புக்குள்ளோ கிளிப் போட்டு ஒழுங்காகப் போகும். மற்றது பளபள கறுப்பு டேப்பும் முறுக்கிவிட்ட ஜாயின்ட்டுமாகத் தொங்கும். என் காரில் யாரோ மாட்டிய ரிவர்ஸ் கேமராவின் சிவப்பு ஒயர், ரிவர்ஸ் லைட் ஒயரைச் சுரண்டி அதன்மேல் முறுக்கப்பட்டிருந்தது. டேப்பை உரித்தால் பசை கருப்பட்டிப் பாகு மாதிரி விரலில் ஒட்டியது. உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது. காசிமேட்டுக் கடல்காற்று படும் பக்கத்தில் திறந்த ஜாயின்ட்டுக்கு இதுதான் கதி. அந்த கேமரா ஒயரை, டிக்கி கதவுக்கு ஒயர்கள் போகும் ரப்பர் குழாய்க்கு வெளியே விட்டு கதவை மூடி மூடி, தகரத்தின் ஓரம் அறுத்துவிட்டது. பெயின்டில் மிளகளவு கரும்புள்ளி.

வெட்டுவதற்கு முன் ஒயரின் இரண்டு முனையையும் கண்டுபிடியுங்கள், பேப்பர் டேப்பில் பெயர் எழுதி ஒட்டுங்கள். ஒரு முனை மட்டும் தெரிந்தால் கை வைக்காதீர்கள். மஞ்சள் உறையோ மஞ்சள் கனெக்டரோ கண்ணில் பட்டால் அது பெரும்பாலும் ஏர்பேக்; அங்கே பல்பும் வேண்டாம், மீட்டரும் வேண்டாம்.

சரி செய்யும்போது சாவியை அணைத்து, பேட்டரியில் நெகட்டிவை முதலில் கழற்றுங்கள். ஒயரைப் புதிதாக மாற்றி, பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட்டு, ரப்பர் குழாய்க்குள்ளேயே விட்டேன். கேமராவுக்கு ஜாயின்ட் பக்கத்திலேயே தனியாக ஒரு 2 ஆம்பியர் பியூஸ். நாளை அது கெட்டாலும் ரிவர்ஸ் லைட்டைச் சாகடிக்காது.

கூடுதல் ஃபாக் லைட் என்றால் கணக்கு வேறு. 55 வாட் பல்பு இரண்டு, மொத்தம் 110. 12 வோல்ட்டால் வகுத்தால் ஏறக்குறைய 9 ஆம்பியர். அதை இருக்கும் ஹெட்லைட் ஒயரில் தொங்கவிடாமல், பேட்டரியிலிருந்து நேராக 15 ஆம்பியர் பியூஸ், ரிலே (சின்ன கரண்ட்டால் பெரிய கரண்ட்டை ஆன் ஆஃப் செய்யும் ஸ்விட்ச்) வழியாக எடுங்கள். பியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும்.

கடைசியாக மறுபடி டெஸ்ட் பல்பைச் செருகி, ரிவர்ஸ் போட்டு, டிக்கியைப் பத்து தடவை திறந்து மூடிப் பார்த்தேன். பளிச்சென்று ஒருமுறைகூட எரியவில்லை. கழற்றிய பல்புகளை மாட்டிவிட்டு, சிவப்பு 10 ஆம்பியரைச் செருகினேன். சேர்த்த பியூஸ் எங்கே இருக்கிறது என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி பியூஸ் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டிவிட்டேன்.