இயங்குதளம் மாற்றியபின் நெட்வொர்க் டிரைவர் இல்லையா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிய இயங்குதளத்தை நிறுவி முடித்ததும் வைஃபை குறியையே காணோம் என்றால், நெட்வொர்க் அட்டை பழுதாகிவிட்டதாகப் பலரும் பதறுகிறார்கள். முன்பு வேலை செய்த அட்டை பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், அதை இயக்கும் மென்பொருளான டிரைவர்தான் இல்லை.

பெரிய தவறு, லேப்டாப்பின் மாடல் பெயரை மட்டும் நம்பி டிரைவர் தேடுவது. ஒரே மாடலில் சிலவற்றுக்கு இன்டெல் அட்டையும் சிலவற்றுக்கு ரியல்டெக் அட்டையும் பொருத்தி விற்பது சாதாரணம். எனவே முதலில் சிப் எது என்று பாருங்கள். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்தால், மஞ்சள் எச்சரிக்கைக் குறியுடன் 'நெட்வொர்க் கன்ட்ரோலர்' என்று ஒரு வரி இருக்கும். அதன் பிராப்பர்ட்டீஸில் டீடெய்ல்ஸ் பகுதிக்குப் போய், ஹார்ட்வேர் ஐடியைத் தேர்ந்தெடுங்கள். 'விஇஎன்' என்பதை அடுத்து வரும் நான்கு குறிகள் தயாரிப்பாளரைச் சொல்லும்: 8086 என்றால் இன்டெல், 10ஈசி என்றால் ரியல்டெக். 'டிஇவி'யை அடுத்து வருபவை சிப்பின் எண். இந்த இரண்டையும் சேர்த்துத் தேடினால் சரியான டிரைவர் எதுவென்று தெரிந்துவிடும். லினக்ஸில் எல்எஸ்பிசிஐ கட்டளை இதே தகவலைத் தரும்.

இணையமே இல்லாமல் எப்படித் தேடுவது, இறக்குவது என்று கைவிட்டுவிடாதீர்கள். ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து போனின் இணையத்தைக் கேபிள் வழியே பகிரும் யுஎஸ்பி டெதரிங்கை இயக்கினால், பெரும்பாலும் தனி டிரைவர் எதுவும் கேட்காமலே இணைப்பு வந்துவிடும். பல போன்கள் தாங்கள் இணைந்திருக்கும் வைஃபையையே இப்படிப் பகிர்வதால் மொபைல் டேட்டாகூடச் செலவாகாது. ஐபோனுக்கு மட்டும் விண்டோஸில் ஆப்பிளின் டிரைவர் முன்கூட்டியே இருக்க வேண்டும்.

'எல்லா டிரைவர்களையும் தானே புதுப்பிக்கும்' என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்கள் பக்கம் போகவே வேண்டாம். தவறான டிரைவரையோ வேண்டாத நிரல்களையோ அவை உள்ளே கொண்டுவரக்கூடும். லேப்டாப் அல்லது சிப் தயாரிப்பாளரின் தளமே போதும்.

லினக்ஸுக்கு மாறியவர்கள் விண்டோஸின் இஎக்ஸ்இ கோப்பை இறக்கி வைத்துக்கொண்டு திணறுவதுண்டு. அங்கே பெரும்பாலான டிரைவர்கள் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலிலேயே இருக்கின்றன. குறைவது பல நேரம், சிப்புக்குள் ஏற்றப்படும் சிறு நிரலான ஃபர்ம்வேர் கோப்புதான். லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனில், 2023இல் வந்த 12ஆம் பதிப்பு முதல் அதன் நிறுவல் வட்டிலேயே இந்தக் கோப்புகள் சேர்க்கப்பட்டுள்ளன. சில பிராட்காம் சிப்களுக்குத் தனி டிரைவர் வேண்டும். அதை நிறுவியும் பயனில்லை என்றால் கணினி தொடங்கும்போதே செயல்படும் பாதுகாப்பு அமைப்பான செக்யூர் பூட்டைக் கவனியுங்கள்: கையொப்பமில்லாத டிரைவரை அது ஏற்றவிடாது. நிறுவும்போது கடவுச்சொல் ஒன்றை அமைக்கச் சொன்னால், அடுத்த முறை கணினி தொடங்கும்போது வரும் நீலத் திரையில் அதை உள்ளிட்டு அனுமதி தர வேண்டும். அவசரத்தில் பலர் அந்தத் திரையைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

விண்டோஸை மீண்டும் நிறுவப்போகிறவர்கள் டிஸ்க்கை அழிப்பதற்கு முன்பே, விண்டோஸுடன் வரும் பிஎன்பியுடில் கருவியால் தற்போதைய டிரைவர்களை ஒரு கோப்புறைக்கு ஏற்றுமதி செய்துவிடலாம். பிறகு டிவைஸ் மேனேஜரில் அந்தக் கோப்புறையைக் காட்டினால் போதும். கோப்புறை பென்டிரைவில் இருக்கட்டும். சி டிரைவில் வைத்தால் ஃபார்மட்டோடு அதுவும் போய்விடும்.