வந்தது புகையா, புழுதியா? சூரிய ஒளியை அளந்து பிரித்துப் பார்க்கும் முறை

ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி, அதன் பின்னால் கருப்புத் துணியைப் பிடித்துப் பாருங்கள். நுனியிலிருந்து எழும் புகையில் மெல்லிய நீலம் ஓடும். உலைப்பானையிலிருந்து கிளம்பும் ஆவியில் அந்த நீலம் கிடையாது, வெறும் வெள்ளை. புகைத்துகள் ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறியது. அதனால் சிவப்பைவிட நீலத்தை அதிகம் சிதறடிக்கிறது. ஆவியில் மிதக்கும் நீர்த்துளி பெரியது; எல்லா நிறத்தையும் கிட்டத்தட்ட ஒரே அளவில் சிதறடிக்கிறது.

இந்த வித்தியாசம்தான் நமக்கு வேண்டியது. வானத்தில் நிறைந்திருப்பது நுண்துகளா (புகை, வாகன மாசு, சல்பேட்), பெருந்துகளா (பாலைப் புழுதி, கடல் உப்பு) என்பதை ஒரு துகளைக்கூடப் பிடிக்காமல் தரையில் நின்றே சொல்லிவிடலாம். எனக்கு இது இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது.

பழகுவதற்குக் கான்பூரைவிட நல்ல இடம் இல்லை. ஏப்ரல் முதல் ஜூன் வரை தார் பாலைவனத்துப் புழுதி மேற்கிலிருந்து வரும். அக்டோபர், நவம்பரில் பஞ்சாப், ஹரியானாவில் நெல் அறுத்த வயலின் தாளை எரிக்கும் புகை வரும். நாசாவின் ஏரோநெட் வலையமைப்பைச் சேர்ந்த சூரிய ஒளிமானி ஒன்று 2001 முதல் ஐஐடி கான்பூரில் இருக்கிறது. சூரியனை நேராகப் பார்த்து, ஒவ்வொரு நிறத்திலும் எவ்வளவு ஒளி குறைந்திருக்கிறது என்று அளக்கும் கருவி அது.

1. தரவை எடுங்கள்

ஏரோநெட் இணையதளத்தில் கான்பூர் நிலையத்தைத் தேர்ந்தெடுத்து, ஒளியியல் ஆழம் (துகள்கள் சூரிய ஒளியை எவ்வளவு குறைக்கின்றன என்ற அளவு) உள்ள கோப்பை இறக்கிக்கொள்ளுங்கள். இலவசம்தான். தரநிலை 1.0, 1.5, 2.0 என்று மூன்று இருக்கும். 1.0ஐத் தொடாதீர்கள். அதில் மேகம் வடிகட்டப்பட்டிருக்காது. மேகத்துளியும் பெரியது என்பதால் அது புழுதி போலவே கணக்கில் வந்து நிற்கும். தொடங்குபவர்களுக்கு 2.0தான் சரி.

2. தேவையான நெடுவரிசைகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்

440, 500, 870 நானோமீட்டர் அலைநீளங்களில் அளந்த ஒளியியல் ஆழங்கள் போதும். -999 என்று இருந்தால் அளவீடு இல்லை என்று பொருள். சராசரி எடுக்கும் முன்பே அந்த வரிகளை நீக்கிவிடுங்கள். ஒளியியல் ஆழம் 1 என்றால், உச்சியில் நிற்கும் சூரியனின் நேரொளியில் துகள்களைத் தாண்டி வருவது 37 சதவீதம்தான்.

3. ஆங்ஸ்ட்ரோம் எண்ணைக் கணக்கிடுங்கள்

ஒளியியல் ஆழம் நிறத்துக்கு நிறம் எவ்வளவு மாறுகிறது என்பதை ஒரே எண்ணில் சொல்ல, ஸ்வீடனைச் சேர்ந்த ஆண்டர்ஸ் ஆங்ஸ்ட்ரோம் 1929இல் முன்வைத்த வழி இது. 440இன் ஆழத்தை 870இன் ஆழத்தால் வகுத்து இயல் மடக்கை (ln) எடுங்கள். அதை 870/440இன் இயல் மடக்கையால், அதாவது 0.682ஆல் வகுங்கள். அவ்வளவுதான்.

பழகுவதற்கு நானே வைத்துக்கொண்ட இரண்டு நாட்கள்:

முதல் நாள்: 440இல் 0.80, 870இல் 0.32. விகிதம் 2.5, மடக்கை 0.916. ஆங்ஸ்ட்ரோம் எண் 1.34.

இரண்டாம் நாள்: 440இல் அதே 0.80, 870இல் 0.70. விகிதம் 1.143, மடக்கை 0.134. ஆங்ஸ்ட்ரோம் எண் 0.20.

440ஐ மட்டும் பார்த்திருந்தால் இரண்டு நாளும் ஒன்றுதான். நிறத்துக்கு நிறம் எப்படி மாறுகிறது என்று பார்த்தபோதுதான் முதல் நாள் புகை, இரண்டாம் நாள் புழுதி என்று தெரிகிறது. ஒப்பிட ஒரு எல்லை வேண்டுமென்றால், காற்றின் மூலக்கூறுகளுக்கு இந்த எண் ஏறக்குறைய 4. வானம் நீலமாக இருப்பது அதனால்தான். பெரும் புழுதிக்கு 0ஐ ஒட்டி வரும்.

4. பங்கைப் பிரியுங்கள்

0.8, 0.9 என்று வந்தால் என்ன செய்வது? கான்பூரில் அப்படி நிறைய வரும்; இரண்டும் கலந்திருக்கிறது என்று பொருள். பெருந்துகள் மட்டும் இருந்தால் எண் -0.15 என்றும், நுண்துகள் மட்டும் இருந்தால் 1.8 என்றும் வைத்துக்கொள்வோம். கிடைத்த எண்ணோடு 0.15ஐக் கூட்டி 1.95ஆல் வகுத்தால், ஒளி குறைந்ததில் நுண்துகளின் பங்கு வரும். நம் முதல் நாளுக்கு 0.77, இரண்டாம் நாளுக்கு 0.18.

இந்த 1.8 ஒரு தோராயம். ஈரத்தில் ஊறிப் பருத்த புகைத்துகளுக்கு அது குறையும். அப்புறம் பனிமூட்டக் காலத்துப் புகையைப் பாதிப் புழுதி என்று எழுதிவிடுவோம். ஓ'நீலும் உடன் ஆய்ந்தவர்களும் 2003இல் வெளியிட்ட முறை இதைச் சரிசெய்கிறது. பல அலைநீளங்களின் ஆழத்தை வரைந்தால் வரும் கோடு எவ்வளவு வளைகிறது என்று பார்த்து, நுண்துகளின் எண்ணை அன்றன்றைக்குக் கணிக்கிறது. ஏரோநெட் அந்த விடையை 500 நானோமீட்டருக்குத் தனிக் கோப்பாகவே தருகிறது. முதலில் கையால் போட்டுப் பார்த்துவிட்டு, பிறகு அதோடு ஒப்பிடுங்கள்.

தவறு நடக்கும் இடங்கள்

மழை கழுவிய தெளிவான நாளை நம்பாதீர்கள். கருவியின் பிழையே 0.01 முதல் 0.02 வரை இருக்கும். ஆழம் 0.05 மட்டும் என்றால், அந்தப் பிழை விகிதத்தையே புரட்டிவிடும். 440இல் 0.2க்குக் கீழே இருக்கும் நாட்களை நான் ஒதுக்கிவிடுவேன்.

இன்னொன்று, இதை பிஎம் 2.5 அளவோடு குழப்பாதீர்கள். அது மூக்கருகே உள்ள காற்றில் மிதக்கும் நுண்துகளின் எடைக்கணக்கு. இது தரையிலிருந்து வானத்தின் உச்சிவரை ஒளி பார்த்த கணக்கு. மேலே இரண்டு கிலோமீட்டர் உயரத்தில் புழுதி ஓடும் நாளில், கீழே உள்ள கருவிக்கு அது தெரியாமலே போகலாம்.

சரி, இப்போது ஒரே ஆண்டின் மே, நவம்பர் இரண்டையும் எடுங்கள். 500 நானோமீட்டர் ஆழத்தைப் படுக்கை அச்சிலும் ஆங்ஸ்ட்ரோம் எண்ணை நேர் அச்சிலும் போட்டு, மாதத்துக்கு ஒரு நிறம் கொடுங்கள். நவம்பர் புள்ளிகள் மேலே திரளும். மே புள்ளிகளில் புழுதி கனத்தவை வலப்புறம் கீழே இறங்கிக் கிடக்கும்.