“மூணு மாசம் டைம் இருக்கு”: மார்க்கெட்பிளேஸ் இன்சூரன்ஸில் புதியவர்கள் இடறும் இடம்

நவம்பர் பிறந்தால் ஜனவரி பாதி வரை எனக்குச் சனிக்கிழமை காலை கிடையாது. அது வருடாந்தரச் சேர்க்கைக் காலம். அமெரிக்காவில் டல்லாஸ் பக்கம் ஒரு நூலக அறையில் லேப்டாப்போடு உட்கார்ந்து, ஒபாமாகேர் என்று எல்லோரும் சொல்லும் மார்க்கெட்பிளேஸ் இன்சூரன்ஸுக்கு, அதாவது அரசுச் சந்தையில் நாமே வாங்கும் மருத்துவ இன்சூரன்ஸுக்கு, விண்ணப்பம் போட உதவுகிறேன். சம்பளமில்லாத வேலை. வருகிறவர்களில் பாதிப் பேர் நம்மவர்கள்: வேலை போனவர்கள், சொந்தத் தொழில் தொடங்கியவர்கள், கிரீன் கார்டில் வந்து இறங்கிய அப்பா அம்மாக்கள். அந்த இரண்டரை மாதம் அமைதியாகப் போய்விடும். பிப்ரவரியில்தான் போன் அடிக்க ஆரம்பிக்கும். “தம்பி, டாக்டர் ஆபீஸ்ல உங்க இன்சூரன்ஸ் ஆக்டிவா இல்லைங்கறாங்களே?”

வருமானத்தைச் சரியாகப் போடுங்கள், உங்கள் டாக்டர் அந்த நெட்வொர்க்கில் இருக்கிறாரா பாருங்கள் என்பதெல்லாம் எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறது. அதை விட்டுவிடுகிறேன். பிளானைத் தேர்ந்தெடுத்த பிறகு, பணம் கட்டும் இடத்தில் நடக்கும் கூத்துகள் மட்டும் இங்கே.

பட்டனை அழுத்தியதும் முடிந்தது என்று நினைப்பது

விண்ணப்பம் போடும் அரசுத் தளமான ஹெல்த்கேர்.கவ் ஒரு கடைவீதி மாதிரி. கடையைக் காட்டும், விலையைச் சொல்லும், அரசு தரும் சப்சிடியைக் கழித்துக் காட்டும். கல்லாப்பெட்டி அதனிடம் இல்லை. பிரீமியம், அதாவது மாதக் கட்டணம், போய்ச் சேர வேண்டியது இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு. முதல் மாதப் பணம் அங்கே போய்ச் சேரும்வரை உங்கள் பாலிசி உயிரோடு இல்லை. சில நிறுவனங்களுக்கு அந்தத் தளத்திலேயே ‘பணம் கட்ட’ என்று ஓர் இணைப்பு வரும். சிலவற்றுக்கு வராது, நாமே தேடிப் போய்க் கட்ட வேண்டும்.

இது முதல் வருடத்திலிருந்தே உள்ள கதை. 2014-ல் முதல் சீசன் முடிந்தபோது சுமார் 80 லட்சம் பேர் பிளான் தேர்ந்தெடுத்ததாக அறிவித்தார்கள். அதே வருடம் செப்டம்பரில், பணம் கட்டி பாலிசி நடப்பில் இருப்பவர்கள் 73 லட்சம் என்றார்கள். அந்த எண்ணிலும் ஒரு குளறுபடி இருந்தது, கீழே வருகிறேன்.

“மூணு மாசம் டைம் இருக்கு”

என்னை இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். பிரீமியம் கட்டாவிட்டாலும் மூன்று மாதம் பாலிசி நிற்காது என்று ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு மாமா சொல்வார். எந்த வாட்ஸ்அப் குழுவில் கேட்டாலும் இதே பதில் வரும். பாதி உண்மை, அதனால்தான் ஆபத்து.

அந்த மூன்று மாத அவகாசம் நிஜமாகவே சட்டத்தில் இருக்கிறது. ஆனால் யாருக்கு? மாதாமாதம் சப்சிடியை முன்கூட்டியே வாங்குபவருக்கு. அவரும் அந்த ஆண்டில் குறைந்தது ஒரு மாதப் பிரீமியத்தை முழுதாகக் கட்டியிருக்க வேண்டும். சப்சிடி இல்லாதவருக்கு மாநிலச் சட்டப்படிதான் அவகாசம், பெரும்பாலும் ஒரு மாதம். முதல் பிரீமியத்துக்கோ இந்த அவகாசம் யாருக்குமே கிடையாது. அதற்கு நிறுவனம் ஒரு கெடு வைக்கும். வழக்கமாக பாலிசி தொடங்கும் நாளிலிருந்து 30 நாளுக்குள் அது முடிந்துவிடும். கெடு தாண்டினால் பாலிசி ரத்து என்றுகூடச் சொல்ல முடியாது, அது பிறக்கவே இல்லை.

போன வருடம் நடந்தது. ஒரு பையன், இங்கே நல்ல வேலை, ஏப்ரல் நடுவில் அப்பா அம்மாவைக் கிரீன் கார்டில் அழைத்து வந்தான். அப்பாவுக்கு 66 வயது. ஐந்து வருடம் இங்கே குடியிருக்காமல், முதியவர்களுக்கான அரசு இன்சூரன்ஸான மெடிகேரைக் காசு கொடுத்துக்கூட வாங்க முடியாது, அதனால் மார்க்கெட்பிளேஸ்தான் வழி. புதிதாக நாட்டுக்குள் வந்தவர்களுக்கு, சேர்க்கைக் காலம் இல்லாவிட்டாலும் சேர்ந்துகொள்ள 60 நாள் சிறப்புச் சேர்க்கை உண்டு. மே மாதம் பிளான் போட்டோம், ஜூன் 1 தொடக்கம். பையனின் வருமான வரிக் கணக்கில் பெற்றோரும் சேர்ந்திருந்ததால் அவன் வருமானத்தை வைத்தே பார்த்தார்கள், சப்சிடி ஒரு டாலர்கூட இல்லை. அந்த வயதில் முழு விலை என்றால் எவ்வளவு என்று சொல்ல வேண்டியதில்லை. இளைஞர்களிடம் வாங்குவதைப் போல மூன்று மடங்கு வரை வாங்கச் சட்டமே அனுமதிக்கிறது. “ரெண்டு மாசத்தையும் சேர்த்து ஜூலையில கட்டிக்கலாம், மூணு மாசம் டைம் இருக்காமே அண்ணா” என்றான். எனக்கு அவன் போன் செய்ததே ஜூலை இரண்டாவது வாரம். அதற்குள் முதல் பிரீமியக் கெடுவும் போய்விட்டது, 60 நாளும் போய்விட்டது. அடுத்த ஜனவரி வரை அந்த மனிதர் ஊரிலிருந்து பெட்டியில் கொண்டுவந்த பிரஷர் மாத்திரையை எண்ணி எண்ணிச் சாப்பிட்டார்.

அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. 2017-ல் நானே இந்தக் குழியில் விழுந்தவன்.

வேலையை விட்டுத் தனியாகத் தொழில் தொடங்கிய வருடம் அது. சப்சிடியோடு ஒரு பிளான். ஜனவரி, பிப்ரவரி ஆட்டோபேயில் ஒழுங்காகப் போனது. பிப்ரவரி கடைசியில் யாரோ என் டெபிட் கார்டைத் திருட்டுத்தனமாகப் பயன்படுத்த, வங்கி புது நம்பரில் கார்டு அனுப்பியது. நெட்ஃபிளிக்ஸுக்கு உடனே மாற்றினேன், இன்சூரன்ஸுக்கு மறந்துவிட்டேன். மார்ச் பணம் போகவில்லை. ஏப்ரலில் ஒரு கடிதம் வந்தது. அதில் ‘மூன்று மாத அவகாசம்’ என்ற வரியை மட்டும் படித்து, பிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டிவிட்டு நிம்மதியாக இருந்தேன். அந்த மாதமே என் மனைவிக்கு முழங்காலில் எம்.ஆர்.ஐ. எடுத்தோம்.

மே கடைசியில் மார்ச்சுக்கும் ஏப்ரலுக்கும் சேர்த்துக் கட்டினேன். மே மாதத்தை ஜூனில் பார்த்துக்கொள்ளலாம் என்பது என் கணக்கு. ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் தனித்தனியாக மூன்று மாதம் என்று நினைத்திருந்தேன்.

கடிகாரம் அப்படி ஓடுவதில்லை. முதலில் கட்டாமல் விட்ட மாதத்தில் அது ஓடத் தொடங்கும். நடுவில் கொஞ்சம் கட்டினால் பின்னால் நகராது. எனக்கு மார்ச் 1-ல் தொடங்கியது, மே 31-ல் முடிந்தது. அதற்குள் மூன்று மாதப் பாக்கியும் மொத்தமாகத் தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. ஜூனில் கடிதம் வந்தது: உங்கள் பாலிசி மார்ச் 31-உடன் முடிந்தது.

ஜூனில் உட்கார்ந்துகொண்டு மார்ச்சில் முடிந்தது என்கிறார்கள். விதி அப்படித்தான். அவகாசத்தின் முதல் மாதச் செலவை நிறுவனம் ஏற்க வேண்டும். இரண்டாவது, மூன்றாவது மாதத்து கிளெய்ம்களை நிறுத்தி வைக்கலாம், பாக்கி தீரவில்லை என்றால் கைவிரிக்கலாம். என் மனைவியின் எம்.ஆர்.ஐ. சரியாக இரண்டாவது மாதத்தில் விழுந்தது. 1,840 டாலர் பில் நேராக வீட்டுக்கு வந்தது. ஏப்ரலுக்கு என்று நான் கட்டிய பணத்தை நிறுவனம் செக்காகத் திருப்பி அனுப்பியிருந்தது, அதுவும் அதே நாளில் அதே தபால்பெட்டியில்.

சரி, வேறு பிளான் எடுக்கலாம் என்று போனால் அதற்கும் வழியில்லை. வேலை போய் இன்சூரன்ஸ் போனால் சிறப்புச் சேர்க்கை உண்டு. பணம் கட்டாமல் போனால் கிடையாது. நவம்பர் வரை காத்திருந்து 2018 ஜனவரியில்தான் மறுபடி பாலிசி. இன்சூரன்ஸ் இல்லாவிட்டால் ஃபெடரல் வரியில் அபராதம் போட்ட காலம் வேறு (2019-லிருந்துதான் அது பூஜ்ஜியமானது), அதையும் கட்டினேன். இன்றைக்கும் எங்கள் வீட்டில் எல்லா கார்டுகளின் எக்ஸ்பைரி தேதியையும் காலண்டரில் குறித்து வைப்பது என் மனைவிதான். அந்தப் பொறுப்பு என்னிடம் திரும்பவில்லை.

அதனால் யாராவது “மூணு மாசம்” என்று ஆரம்பித்தால் நான் கேட்பது மூன்று கேள்வி. சப்சிடி வருகிறதா? முதல் மாதம் கட்டியாயிற்றா? கட்டாத முதல் மாதம் எது? மூன்றாவதற்குப் பதில் சொல்லும்போதே பலருக்கு முகம் மாறிவிடும்.

பழைய தொகையையே அனுப்புவது

வங்கியின் பில்பேயில் மாதாமாதம் இவ்வளவு என்று போட்டு வைத்துவிடுவார்கள். ஜனவரியில் பிரீமியம் மாறும், வங்கிக்கு அது தெரியாது. பழைய தொகையே போகும். ஆறு டாலர் குறைந்தாலும் ‘முழுதாகக் கட்டவில்லை’ என்று அவகாசக் கடிகாரம் ஓடத் தொடங்கலாம். சிறு குறையைச் சில நிறுவனங்கள் கண்டுகொள்ளாமல் விடும், சில விடாது. உங்களுடையது எது என்று சோதித்துப் பார்க்க வேண்டாம்.

பிளானே மாறியிருந்தால் இன்னும் சிக்கல். புது நிறுவனத்துக்கு உங்கள் பழைய ஆட்டோபே எப்படித் தெரியும்? அதே நிறுவனத்தில் வேறு பிளானுக்கு மாறினாலும் ஆட்டோபே கூடவே வரும் என்று நம்பாதீர்கள். உள்ளே போய்ப் பாருங்கள்.

ஜீரோ டாலர் பிளான் என்றைக்கும் ஜீரோ என்று நம்புவது

சப்சிடி முழுப் பிரீமியத்தையும் மூடிவிட்டால் கட்ட எதுவும் இல்லை, முதல் மாதமும் இல்லை. அதனால் நிறுவனத்தின் தளத்தில் பலர் கணக்கே தொடங்கியிருக்க மாட்டார்கள், வரும் கடிதங்களையும் விளம்பரம் என்று குப்பையில் போட்டுவிடுவார்கள். 2021-ல் உயர்த்தப்பட்ட கூடுதல் சப்சிடி 2025 டிசம்பரோடு முடிந்தது. தானாகப் புதுப்பிக்கப்பட்டவர்களில் பலருக்கு 2026 ஜனவரியில் முதல்முறையாக பில் வந்தது. வறுமைக்கோட்டு வருமானத்தின் நான்கு மடங்கைத் தாண்டியவர்களுக்கு சப்சிடியே நின்றுபோனது, அதோடு அந்த மூன்று மாத அவகாசமும். நடுவில் வருமானம் மாறியதைத் திருத்தினாலும் இதே கதைதான். ஜீரோ என்றாலும் நிறுவனத்தில் கணக்குத் தொடங்கி, உங்கள் ஈமெயிலைக் கொடுங்கள். மகனுடைய ஈமெயிலை அல்ல. அவன் பார்க்க மாட்டான்.

பல்லுக்குக் கட்டிவிட்டு நிம்மதியாக இருப்பது

பல் பிளானைத் தனியாக எடுத்தால் அது தனி பாலிசி, தனி பில், தனி முதல் பிரீமியம். ஓர் அம்மா ரசீதை பிரின்ட் எடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு என்னிடம் கொண்டுவந்து காட்டினார். 31 டாலர். “இதோ பாருங்க சார், கட்டியாச்சு.” பல்லுக்குக் கட்டியிருந்தார், உடம்புக்குக் கட்டவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. 2014-ல் சொன்ன 73 லட்சத்தில் சுமார் 4 லட்சம் தனிப் பல் பிளான்களும் சேர்ந்துவிட்டன என்று அரசே பிறகு ஒப்புக்கொண்டது.

“கார்டு வந்துடுச்சே!”

இன்சூரன்ஸ் கார்டு, பணம் கட்டியதற்கான ரசீது அல்ல.

போனில் பிரீமியம் கேட்பவருக்குக் கட்டுவது

போனை வைத்துவிடுங்கள். பில்லில் உள்ள எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள்.

கட்டாமல் விட்டால் தானே நின்றுவிடும் என்பது

புது வேலையில் இன்சூரன்ஸ் கிடைத்ததும் பலர் செய்வது இது. நின்றுவிடும்தான், ஆனால் மூன்று மாதம் இழுத்து. அதில் முதல் மாதத்துக்கு உங்கள் பெயரில் அரசு கொடுத்த சப்சிடி, மார்க்கெட்பிளேஸ் அனுப்பும் 1095-ஏ படிவத்தில் வந்து நிற்கும், வரிக் கணக்கில் சப்சிடியைச் சரிபார்க்கும் 8962 படிவத்தை நிரப்பும்போது அதற்குப் பதில் சொல்ல வேண்டும். 2026 வரி ஆண்டிலிருந்து திருப்பிக் கட்டும் தொகைக்கு உச்சவரம்பும் இல்லை. புது இன்சூரன்ஸ் தொடங்கும் தேதி தெரிந்ததும் மார்க்கெட்பிளேஸ் கணக்கில் போய், முடியும் தேதி போட்டு நீங்களே நிறுத்துங்கள். நிறுத்தியதற்கான பக்கத்தை போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வரிக் கணக்கு போடும் ஏப்ரலில் என்னைக் கூப்பிடும்போது அதைத்தான் முதலில் கேட்பேன்.