பழைய செயின் சோ வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் மரம் அரியும் வேலை தெரிந்த ஒருவரிடம், புது செயின் சோ வாங்குவதா, பாவித்த பழசு ஒன்றைத் தேடிப் பிடிப்பதா என்று கேட்டுப் பாருங்கள். பலர் பழசையே சொல்வார்கள். நானும் அந்தக் கட்சிதான். நல்ல கம்பனி ஒன்று தொழில் செய்பவர்களுக்கென்றே செய்த மெசினை இருபது வருடம் கழித்தும் கழற்றித் திருத்தலாம். அதன் உடல் மக்னீசிய வார்ப்பு. பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபரேட்டரை ஒரு சின்ன ஸ்குரூ டிரைவரால் சரிசெய்துவிடலாம். இப்போது வரும் விலைகூடிய மெசின்கள் சிலவற்றில் அந்த வேலையை உள்ளேயிருக்கும் மின்னணுப் பலகை பார்த்துக்கொள்கிறது. அது பழுதானால் வெருகலிலோ ஈச்சிலம்பற்றிலோ இருந்துகொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அதைப் பரிசோதிக்கும் கருவி வைத்திருக்கும் முகவரைத் தேடிப் போக வேண்டும். மலிவான புது மெசின்களில் வேறு பிரச்சினை. பெரிய கம்பனிகளின் வடிவத்தை அச்சாகப் பிரதிபண்ணி வருகிறவை அவற்றில் அதிகம். அதே நிறம், அதே உருவம், ஆனால் உள்ளே போட்டிருக்கும் உலோகம் வேறு.

ஆகவே பழசைத் தேடுவது சரியான முடிவாக இருக்கலாம். ஆனால் பழசு என்பதாலேயே ஒரு மெசின் நல்லதாகிவிடாது. நீங்கள் பணம் கொடுப்பது அது எந்தத் தரத்தில் செய்யப்பட்டது, இன்று உள்ளே என்ன நிலையில் இருக்கிறது, நாளை அதற்குச் சாமான் கிடைக்குமா என்ற மூன்றுக்கும்தான். தவறுகள் எல்லாம் இந்த மூன்றில் ஒன்றை மறப்பதால் வருகின்றன.

சூடான மெசினைச் சோதித்துப் பார்ப்பது

"ஒரே இழுவைதான் அண்ணன், ஸ்டார்ட்" என்று சொல்லி இழுத்துக் காட்டுவார்கள். அதுவும் உடனே உறுமும். நீங்கள் போவதற்குப் பத்து நிமிடம் முன் அதை ஓடவிட்டுச் சூடாக்கியிருந்தால், தேய்ந்துபோன மெசின்கூட அப்படி உறுமும். அதனால் போனதும் முதல் வேலையாகச் சிலிண்டர் பக்கம் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு தெரிந்தால் ஒரு தேத்தண்ணி குடித்துக் கதைத்துக்கொண்டிருந்து, ஆறிய பிறகு சோதியுங்கள். குளிர்ந்த மெசின் சோக்கை இழுத்துவிட்டு நான்கைந்து முறை இழுத்தால் ஒரு வெடிச் சத்தம் கொடுக்கும். அதற்குப் பிறகு சோக்கைத் தளர்த்தி இன்னும் சில இழுவையில் பிடித்துவிட வேண்டும்.

இதற்கு எதிர்ச் சோதனையும் உண்டு. பலர் இதைச் செய்வதே இல்லை. மெசினைப் பத்து நிமிடம் நன்றாக வேலை வாங்கி, நிறுத்தி, இரண்டு நிமிடம் விட்டு மறுபடி இழுங்கள். குளிரில் நன்றாக ஓடிய மெசின் சூட்டில் ஸ்டார்ட் ஆக மறுத்தால் பெரும்பாலும் ஒன்று பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும், அல்லது பிளக்குக்குத் தீப்பொறி கொடுக்கும் இக்னிஷன் கோயில் (கம்பிச் சுருள்) சூடானதும் கைவிடுகிறது. பழைய மெசின்களில் இரண்டாவது அடிக்கடி வரும். புதுக் கோயில் கிடைக்காத மொடல் என்றால் அந்த மெசினே முடிந்தது.

அப்புறம் சைலன்சரைக் கழற்றிப் பார்க்காமல் வாங்காதீர்கள். இரண்டு மூன்று ஆணிதான். கழற்றினால் துவாரத்தின் வழியே பிஸ்டன் தெரியும், கயிற்றை மெதுவாக இழுத்தால் அது மேலும் கீழும் போவதைப் பார்க்கலாம். பக்கவாட்டுச் சுவர் மங்கிய வெள்ளியாகச் சீராக இருக்க வேண்டும். மேலிருந்து கீழாகக் கீறல்கள் ஓடியிருந்தால், ஒயில் கலக்காத பெற்றோலிலோ காற்றுக் கசிவிலோ அது ஒருமுறை சூடேறிப் பிடித்திருக்கிறது. விற்பவர் கழற்ற விடவில்லை என்றால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கம்பிரஷனை, அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தத்தை, அளக்கும் மீட்டர் மோட்டார் சைக்கிள் கராஜ்களில் இருக்கும். பிளக்கைக் கழற்றி அந்த இடத்தில் மாட்டி, திரொட்டிலை முழுதாக அழுத்திப் பிடித்தபடி, முள் ஏறாமல் நிற்கும் வரை இழுக்க வேண்டும். 120 பீஎஸ்ஐக்கு மேல் என்றால் வேலை செய்யும். 150 பக்கம் இருந்தால் மகிழ்ச்சி. 100க்குக் கீழே என்றால் ரிங், பிஸ்டன் செலவையும் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும். மீட்டர் இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் கைப்பிடியைப் பிடித்து மெசினைத் தொங்கவிடுங்கள். நல்ல மெசின் தன் பாரத்தில் விட்டுவிட்டுப் படிப்படியாக இறங்கும். தேய்ந்தது சர்ரென்று இறங்கிவிடும்.

கடைசியாக, மெதுவாக ஓடவிட்டு இடமும் வலமும் சரித்துப் பாருங்கள். சரிக்கும்போது சத்தம் ஏறி இறங்கினாலோ, திரொட்டிலை விட்ட பிறகும் வேகம் குறையாமல் கொஞ்ச நேரம் கத்திக்கொண்டே இருந்தாலோ, எங்கோ காற்று இழுக்கிறது. கிராங்க் சீலாக இருக்கலாம், காஸ்கெட்டாக இருக்கலாம். காற்று கூடினால் பெற்றோலோடு சேர்ந்து போகும் ஒயிலும் குறைகிறது, பிஸ்டன் சுடுகிறது. இந்தக் கசிவை அடைக்காமல் புதுப் பிஸ்டன் போட்டால் அதுவும் அதே வழியில் போகும்.

பிரேக் இல்லாததைச் சின்ன விசயமாக நினைப்பது

பழைய மெசின்களைப் புகழ்பவர்கள் பேச மறக்கிற இடம் இது. பாரின், அதாவது செயின் சுற்றி ஓடும் நீண்ட தகட்டின், நுனியில் மேல் கால்பங்கு மரத்திலோ கிளையிலோ தட்டினால், சுழலும் செயின் பாரை மேல்நோக்கி உங்கள் முகத்துக்கே எறியும். கண் இமைக்கும் நேரம்கூட எடுக்காது. எவ்வளவு அனுபவம் இருந்தாலும் கையால் தடுக்க முடியாது. இதற்காகத்தான் 1970களின் தொடக்கத்தில் ஸ்டீல், ஹஸ்க்வர்னா போன்ற கம்பனிகள் செயின் பிரேக்கைக் கொண்டுவந்தன. முன்கைப்பிடிக்கு முன்னால் நிற்கும் தட்டு முன்னே தள்ளப்பட்டதும் செயின் நின்றுவிடும்.

இலங்கையில் பெயர்போன ஸ்டீல் 070 அதற்கு முந்திய வடிவம். 100 சீசீக்கு மேல் எஞ்சின், பாரும் செயினும் இல்லாமலே 10 கிலோவுக்கு மேல் பாரம். பெரிய முதிரைக் குத்தியை அது பிளக்கும் விதத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த ஆசை எப்படி வருகிறதென்று தெரியும். ஆனால் பொதுவாகக் கைக்கு வரும் 070களில் பிரேக் கிடையாது. மரக்காலையில், கீழே கிடக்கும் குத்தியை, பழகிய இருவர் நின்று அரிவதற்கு அது பொருந்தலாம். வளவுக்குள் நிற்கும் வேம்பில் கிளை வெட்ட அதைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறுவதை நினைத்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம்.

வீட்டுக்கும் தோட்டத்துக்கும் பழசு தேடுபவர்கள் பிரேக் உள்ள, 50 முதல் 60 சீசீ வரையான தொழில்முறை மெசினைத் தேடுங்கள். தென்னை, வேம்பு, விழுந்த புளி எல்லாவற்றுக்கும் அது தாராளம். பிரேக் இருந்தால் மட்டும் போதாது, வேலை செய்யவும் வேண்டும். இரண்டு கையாலும் மெசினை இறுகப் பிடித்து, முழு வேகத்தில் இடது மணிக்கட்டால் தட்டை முன்னே தள்ளுங்கள். செயின் அந்தக் கணமே நிற்க வேண்டும். தட்டை உடைத்து எறிந்துவிட்டு ஓட்டிய மெசின்களும் சந்தையில் உண்டு. கிளச் மூடிக்குக் கீழே, செயின் அறுந்தால் பிடிக்கிற சின்னக் கொளுக்கி இருக்கிறதா என்றும் பாருங்கள். மெதுவாக ஓடும்போது செயின் தானாகச் சுற்றினால், ஐடில் ஸ்குரூ கூடியிருக்கும் அல்லது கிளச் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும்.

அதிர்வு தாங்கும் ரப்பர்களையும் விட்டுவிடாதீர்கள். கைப்பிடியைப் பிடித்து ஆட்டினால் தொளதொளவென்று ஆடக் கூடாது. ரப்பர் கிழிந்த மெசினை வருடக்கணக்கில் பிடித்தவர்களின் விரல்கள் வெளிறி, உணர்ச்சி குறைந்து போவதுண்டு. அந்தச் சேதம் முற்றினால் பிறகு சரியாகாது.

கடல் காற்றைக் கணக்கில் எடுக்காதது

உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி என்று கரையோரமாக இருந்த மெசினையும், கந்தளாய்ப் பக்கம் இருந்த மெசினையும் ஒரே கண்ணால் பார்க்கக் கூடாது. மக்னீசியத்துக்கு உப்புக் காற்று ஆகாது. பெயின்ட் உரிந்த இடத்தில் வெள்ளைத் தூள் பூத்து, ஆணி பிடிக்கும் மரைகள் பொருபொருவென்று உதிரும். அப்படியான உடலில் பார் போல்ட்டை இறுக்கினால் மரையோடு சேர்ந்து கழன்று வரும். மேலே புதுப் பெயின்ட் அடித்திருந்தால் இன்னும் கவனமாக, கிளச் மூடியைக் கழற்றி உள்பக்கத்தைப் பாருங்கள். அங்கே யாரும் பெயின்ட் அடிப்பதில்லை. மிகப் பழைய மொடல்களில் இக்னிஷனுக்குப் பொயின்ட் (மின்சாரத்தை விட்டுவிட்டு இணைக்கும் தொடுமுனை) இருக்கும். மாரிக்காலம் முழுக்கச் சும்மா கிடந்த மெசின் ஸ்டார்ட் ஆகாவிட்டால் முதலில் அதைத்தான் சுத்தம்செய்து பார்ப்பார்கள்.

2020 டிசம்பரில் புரெவிப் புயல் கரையைக் கடந்தது நம் மாவட்டத்தில்தான். அப்படியொரு காற்றுக்குப் பிறகு அவசரத்தில் மெசின் தேடி, கிடைத்ததை வாங்குவதுதான் மிகப் பெரிய தவறு. வெயில் காலத்தில், அவசரமில்லாதபோது தேடுங்கள். வாங்கியதைப் பெற்றோலோடு மாதக்கணக்கில் வைக்காமல் தாங்கியைக் காலி செய்து வையுங்கள். காபரேட்டருக்குள் இருக்கும் டயபிரம் என்ற மெல்லிய சவ்வு காய்ந்து விறைப்பது பெரும்பாலும் இப்படித்தான்.

ஒயிலில் மிச்சம் பிடிப்பது

புது மெசின்களுக்குப் பொதுவாக 50க்கு 1, அதாவது ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 20 மில்லிலீற்றர் டூ ஸ்ரோக் ஒயில். பழைய மெசின்களின் கையேடு 25க்கு 1 அல்லது 40க்கு 1 கேட்கலாம். அது 40 அல்லது 25 மில்லிலீற்றர். அந்தக் காலத்து ஒயிலை வைத்துச் சொன்ன கணக்கு அது என்றாலும், எந்த ஒயில் என்று நிச்சயமில்லாதபோது குறைப்பதைவிடக் கையேடு சொன்னபடி போடுவதே பாதுகாப்பு. முச்சக்கர வண்டிக்கு வாங்கிய ஃபோர் ஸ்ரோக் ஒயிலை ஊற்ற வேண்டாம்.

செயினுக்குப் பழைய எஞ்சின் ஒயிலை ஊற்றும் வழக்கமும் உண்டு. அதிலிருக்கும் உலோகத் துகள் பம்பைத் தின்னும், ஒயிலோ உங்கள் தோலிலும் மண்ணிலும் படும். ஒயில் வருகிறதா என்று பார்க்க, வெட்டிய மரத்தின் வெளிறிய பக்கத்துக்கு நேராக நுனியைப் பிடித்து, தொடாமல் வேகமாக ஓடவிடுங்கள். சில நொடியில் ஒயில் கோடு விழ வேண்டும்.

பெற்றோல் செலவையும் யோசியுங்கள். 2022இல் வரிசையில் நின்றவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. பழைய டூ ஸ்ரோக்கில் பெற்றோலில் ஒரு பங்கு எரியாமலே சைலன்சர் வழியாக வெளியே போய்விடும். புதிய வடிவங்கள் இதைக் குறைத்துவிட்டன. தினமும் மெசினோடு நிற்பவருக்கு, நல்ல கம்பனியின் புது மெசின் இந்த ஒரு காரணத்துக்காகவே லாபமாக இருக்கலாம்.

சாமானும் பத்திரமும்

விலை பேச முன் மொடல் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போய், பிஸ்டன், டயபிரம், கோயில், கிளச் நான்கையும் கேளுங்கள். இல்லை என்றால் மெசினையும் விட்டுவிடுங்கள். பார், செயின், செயினைச் சுழற்றும் பற்சக்கரமான ஸ்புரொக்கெட் மூன்றும் ஒரே பிட்ச்சில் (பல் இடைவெளியில்) இருக்க வேண்டும். ஸ்புரொக்கெட்டில் அரை மில்லிமீற்றருக்கு மேல் பள்ளம் விழுந்திருந்தால் புதுச் செயினையும் அது கெடுக்கும். நம் பகுதியில் முற்றிய பனையும் வேலி மரங்களும் செயினைச் சீக்கிரம் மழுக்கும். வேலி மரத்துக்குள் முள்ளுக்கம்பியும், போர்க்காலத்தில் நின்ற மரங்களுக்குள் சன்னமும் புதைந்திருக்கலாம். ஆகவே அரமும் ஒரு மிகைச் செயினும் விலையில் சேர்த்தி என்று வையுங்கள்.

மெசின் உங்களுடையது என்பதற்காக எந்த மரத்தையும் வெட்டலாம் என்றில்லை. 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றைச் சொந்த வளவில் வெட்டவும் அனுமதி தேவை. பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம். மெசினுக்கும் பத்திரம் உண்டு. 2018இல் செயின் சோக்களைப் பதிவு செய்யச் சொன்னார்கள். விற்பவரிடம் அந்தப் பதிவைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள இலக்கமும் மெசினின் உடலில் பொறித்த இலக்கமும் ஒன்றுதானா என்று பாருங்கள். பெயர் மாற்றுவதைப் பற்றி உங்கள் பகுதிப் பொலிஸ் நிலையத்தில் கேட்டறிந்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.