ஸ்டைலிஸ்டிக்ஸ் படிக்க ஒரு வழி: நல்ல வாக்கியத்தைக் கெடுத்துப் பாருங்கள்

ஆங்கில இலக்கியப் பாடத்தில் ஸ்டைலிஸ்டிக்ஸ் என்ற பெயரைப் பார்த்ததும் நம்மில் பலர் முதலில் செய்வது மெட்டஃபர், சிமிலி, அல்லிட்டரேஷன், அனஃபரா என்று அணிகளின் பட்டியலை நெட்டுருப் போடுவதுதான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஒரு கவிதையில் இருந்த உருவகங்களை எல்லாம் எண்ணி, வகை பிரித்து, பெருமையாக அசைன்மென்ட் கொடுத்தேன், ஓரத்தில் சிவப்பு மையில் "சரி, அதனால் என்ன?" என்ற ஒரே வரியோடு திரும்பி வந்தது. அன்றைக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அந்தக் கேள்விதான் இந்தத் துறையே என்று புரிய ரொம்ப நாளாயிற்று.

தமிழில் நடையியல் என்கிறோம். ஒரே விஷயத்தைப் பல விதமாகச் சொல்ல முடியும் என்கிறபோது எழுதியவர் ஏன் இந்த விதத்தைப் பிடித்தார், அதனால் படிக்கிறவருக்குள் என்ன நடக்கிறது என்பதை மொழியியல் கருவிகளை வைத்துப் பார்ப்பது. எனவே நான் சொல்லும் வேலை ஒன்றுதான்: நூறு, நூற்றைம்பது சொற்கள் உள்ள ஒரு பத்தியை எடுங்கள், அதில் ஒரு சொல்லையோ வாக்கிய அமைப்பையோ மாற்றி எழுதுங்கள், எது காணாமல் போகிறது என்று பாருங்கள்.

சொல்லிலிருந்து தொடங்குவது சுலபம். 1066இல் பிரெஞ்சு பேசிய நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுச் சொற்கள் குவிந்தன, பின்னால் அறிஞர்கள் லத்தீனிலிருந்தும் அள்ளினார்கள். அதனால் ஆங்கிலத்தில் ஒரே பொருளுக்குப் பல இடங்களில் மூன்று அடுக்கு இருக்கிறது. ஆஸ்க் என்பது பழைய ஆங்கிலம், கொஸ்டின் பிரெஞ்சு வழி வந்தது, இன்டெராகேட் லத்தீன். ஒரு கதையில் அம்மா மகனை 'ஆஸ்க்' செய்கிற இடத்தில் 'இன்டெராகேட்' என்று போட்டுப் பாருங்கள், வீடு சட்டென்று காவல் நிலையமாகிவிடும்.

அடுத்தது இலக்கணம். எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். 'தி மேனேஜர் லாஸ்ட் தி ஃபைல்' என்றால் யார் தொலைத்தார் என்று தெரியும். 'தி ஃபைல் வாஸ் லாஸ்ட்' என்று செயப்பாட்டுவினையாக்கினால் மேனேஜர் நழுவிவிடுகிறார். 'தி ஃபைல் டிஸப்பியர்ட்' என்றால் ஃபைலுக்கே கால் முளைத்த மாதிரி. 'தி லாஸ் ஆஃப் தி ஃபைல்' என்று வினையைப் பெயராக்கிவிட்டால் யாரும் எதுவும் செய்யவில்லை, ஏதோ ஒரு நிகழ்வு அந்தரத்தில் தொங்குகிறது, அவ்வளவுதான். (உடனே செயப்பாட்டுவினை என்றாலே மோசடி என்று முடிவு கட்ட வேண்டாம். அறிவியல் கட்டுரையில் கரைசலைச் சூடாக்கியது யார் என்பது யாருக்கு வேண்டும்?)

இந்த 'யார், எதை, என்ன செய்தார்' என்ற கேள்வியை மொழியியலாளர் மைக்கேல் ஹாலிடே டிரான்ஸிட்டிவிட்டி என்ற பெயரில் ஒரு கருவியாகவே ஆக்கினார். 1971இல் வெளியான கட்டுரையில் வில்லியம் கோல்டிங்கின் 'தி இன்ஹெரிட்டர்ஸ்' நாவலை அதை வைத்துப் பிரித்துக் காட்டினார். அதில் லோக் என்ற நியாண்டர்தால் மனிதனின் கண்வழி வரும் பகுதிகளில், ஒருவர் ஒரு பொருளின்மேல் செயல்படுவதாக வரும் வாக்கியங்கள் குறைவு. பொருள்கள் தாமாகவே நகர்கின்றன. எதிரே ஒருவன் வில்லை வளைக்கிறான், லோக்கின் கண்ணுக்கோ ஒரு குச்சி இரண்டு முனையிலும் குட்டையாகிறது. காரணமும் விளைவும் அவன் மனதில் இன்னும் ஒட்டவில்லை என்பதை இலக்கணமே சொல்லிவிடுகிறது. முதன்முறை படித்தபோது எனக்குப் புல்லரித்தது.

அப்புறம் ஃபோர்கிரவுண்டிங், முன்னிறுத்தல். பிராக் வட்டம் என்ற மொழியியலாளர் குழுவைச் சேர்ந்த யான் முகரோவ்ஸ்கி வழியாக வந்த கருத்து. வழக்கத்தை மீறினால் கண்ணில் படும், அளவுக்கு மீறி ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வந்தாலும் கண்ணில் படும். இங்கே எல்லோரும் தடுக்கி விழுகிற இடம், எந்த வழக்கத்தை மீறியது என்று சொல்லாமல் விடுவது. மூன்று சொல் வாக்கியம் தன்னளவில் விசேஷமே இல்லை, ஐந்து நீண்ட வாக்கியங்களுக்குப் பின்னால் வந்தால்தான் விசேஷம்.

குரலையும் பாருங்கள். 'ஷி லுக்ட் அட் தி க்ளாக். வொய் வாஸ் ஹி ஆல்வேஸ் லேட்?' இரண்டாவது வாக்கியத்தைச் சொல்வது யார்? இறந்தகாலமும் 'ஹி'யும் கதைசொல்லியுடையவை, எரிச்சல் அவளுடையது. இதற்குப் பெயர் ஃப்ரீ இன்டைரக்ட் நடை, ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டின் இதில் கைதேர்ந்தவர். 'ஷி வொண்டர்ட் வொய் ஹி வாஸ் ஆல்வேஸ் லேட்' என்று மாற்றுங்கள், எரிச்சல் ஆறிப்போய் வெறும் தகவல் மிஞ்சும்.

ஒலியைப் பற்றி ஒரே எச்சரிக்கை: 'ஸ்' ஒலி வந்தாலே பாம்பு சீறுகிறது என்று எழுதாதீர்கள். 'ஸ்' இல்லாத ஆங்கிலப் பத்தி கிடைப்பதே கஷ்டம்.

ஒரு நாவல் முழுவதையும் பார்க்க வேண்டுமென்றால் ஆன்ட்கான்க் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, எந்தச் சொல் எத்தனை முறை, எந்தச் சூழலில் வருகிறது என்று வரிசையாகக் காட்டும். ஆனால் எண்ணிக்கை கையில் வந்ததும் பழைய வியாதி திரும்பும். இலக்கிய விமர்சகர் ஸ்டான்லி ஃபிஷ் 1973இல் இந்தத் துறையைப் போட்டுத் தாக்கியது இதற்காகத்தான், மேலே சொன்ன ஹாலிடேயையும் சேர்த்து: இலக்கண வடிவத்தைக் காட்டிவிட்டு, அதிலிருந்து அர்த்தத்துக்கு இஷ்டம்போல் தாவுகிறீர்கள் என்றார். முழுக்கச் சரி என்று நான் நினைக்கவில்லை, ஆனாலும் எழுதும்போது அவரைப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக்கொள்வது நல்லது. வடிவம் இது, இப்படி மாற்றினால் இது போய்விடுகிறது, ஆகவே இது இந்த வேலையைச் செய்கிறது என்று மூன்றையும் எழுதுங்கள். நடு வாக்கியம் இல்லையென்றால் அந்தக் குறிப்பை அடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.